சிரிக்கவும் வைக்கணும், சரியாகவும் சொல்லணும்: உள்ளூர் கேபிள் டிவிக்குப் பிள்ளை வளர்ப்பு நகைச்சுவை நிகழ்ச்சி தயாரிக்க முழுமையான வழிகாட்டி

தர்மபுரி, கிருஷ்ணகிரிப் பக்கம் பிள்ளை வளர்ப்பு அறிவுரைக்குப் பஞ்சமே இல்லை. குழந்தை ரெண்டு தடவை இருமினால் போதும், மாமியார் ஒன்று சொல்வார், எதிர் வீட்டு அக்கா ஒன்று சொல்வார், வாட்ஸ்அப்பில் நான்கு வந்து விழும். பெற்றவள் ஏற்கெனவே தூக்கமில்லாமல் நொந்து கிடப்பவள். டிவியிலும் ஒருவர் நாற்காலி போட்டு உட்கார்ந்து புத்தி சொல்ல ஆரம்பித்தால் ரிமோட்டைத்தான் தேடுவாள். நகைச்சுவை இங்கேதான் கைகொடுக்கிறது. ஆனால் பிள்ளை வளர்ப்பில் ஒரு தவறான வரி உயிருக்கே கேடாகலாம் என்பதால், சினிமா காமெடிக்கு இல்லாத கட்டுப்பாடுகள் இதற்கு உண்டு.

எல்லாவற்றுக்கும் மேலாக ஒரு விதி. சிரிப்பு பெரியவர்கள் மேல் விழ வேண்டும், பிள்ளையின் மேல் விழக் கூடாது. திக்கிப் பேசுகிற பிள்ளை, படுக்கையில் சிறுநீர் கழிக்கிற பிள்ளை, கறுத்த பிள்ளை, மார்க் வாங்காத பிள்ளை என்று யாரையும் பார்த்து ஊர் சிரித்துவிட்டால், திங்கட்கிழமை பள்ளிக்கூடத்தில் அந்தச் சிரிப்பு அப்படியே நிஜப் பிள்ளையைத் தேடிப் போகும். அந்தப் பிள்ளையைப் பார்த்துப் பெரியவர்கள் அடிக்கிற கூத்தைக் காட்டுங்கள். அதில் வேண்டிய மட்டும் சிரிப்பு இருக்கிறது.

முதல் வேலை: கண்ட்ரோல் ரூமில் பேசி முடிப்பது

கதை எழுதுவதற்கு முன்பே நிகழ்ச்சியை ஒளிபரப்பப் போகிற கேபிள் கண்ட்ரோல் ரூமுக்குப் போய் மூன்று விஷயங்களை எழுத்தில் வாங்குங்கள். எந்த நாள் எந்த நேரம், மறு ஒளிபரப்பு எப்போது, கோப்பு எந்த வடிவத்தில் வேண்டும். பல உள்ளூர் சேனல்கள் இன்னும் பழைய தரத்தில்தான் ஓடுகின்றன. நீங்கள் அகலத் திரைக்கு எடுத்துக் கொடுத்தால் இரண்டு ஓரமும் வெட்டுப்பட்டு, ஓரத்தில் நிற்கிற மாமியாரின் முகபாவம் காணாமல் போகும். அதனால் முக்கியமான முகமும் எழுத்தும் நடுவில் வரும்படி முதலிலிருந்தே திட்டமிடுங்கள்.

கேபிள் டிவி விதிகளின்படி ஒரு மணி நேரத்துக்கு 12 நிமிடம்தான் விளம்பரம், சேனலின் சொந்த விளம்பரமும் அதற்குள் அடக்கம். அரை மணி நேரத்துக்கு 6 நிமிடம் போக உங்களுக்குக் கிடைப்பது 24 நிமிடம். அதை இப்படிப் பிரித்தால் நன்றாக உட்காரும்: தொகுப்பாளர் நுழைவு 1 நிமிடம், முதல் நாடகம் 7, அதையொட்டி மருத்துவரோ செவிலியரோ பேசுவது 3, நேயர் கேள்விகள் 5, தெருவிலும் சந்தையிலும் எடுத்த பேச்சும் குட்டி நாடகமும் சேர்ந்து 5, மறுபடி நிபுணர் 2, கடைசியில் அடுத்த வாரக் கேள்வி 1. நிபுணரை ஒரே மூச்சில் ஐந்து நிமிடம் பேச விடாதீர்கள். மூன்றாவது நிமிடத்திலேயே வீட்டில் யாராவது எழுந்து அடுப்பைப் பார்க்கப் போய்விடுவார்கள்.

நேரத்தைப் பொறுத்தவரை ஞாயிறு காலை 10 மணிக்கு நல்ல இடம் கிடைத்தால் விடாதீர்கள். இரவு சீரியலோடு மோதுவது வீண். மாமியார், மருமகள், ஓசூரில் ஷிப்டு முடித்து வந்த அப்பா மூவரும் ஒரே அறையில் இருக்கிற நேரம்தான் இந்த நிகழ்ச்சிக்கு ஏற்றது. மூவரில் ஒருவர் மட்டும் பார்த்தால் அந்த அறிவுரை அடுத்த நாள் வீட்டுச் சண்டையாகத்தான் மாறும்.

கேள்வியைச் சின்னதாக்குங்கள்

"ஒழுக்கம்", "செல்போன் அடிமைத்தனம்" என்பதெல்லாம் பட்டிமன்றத் தலைப்பு. உங்களுக்கு வேண்டியது, "ரெண்டரை வயசுப் புள்ள போன் இல்லாம வாயே தொறக்க மாட்டேங்குது" என்பது போல, வயதும் இடமும் நேரமும் உள்ள ஒரு வரி. ஒரு வாரத்துக்கு ஒரு கேள்வி போதும்.

கேள்வி பொறுக்க அங்கன்வாடி வாசல், ஆரம்ப சுகாதார நிலையத்தில் தடுப்பூசி போடும் நாள், போச்சம்பள்ளி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை மூன்றும் அருமையான இடங்கள். "உங்க புள்ளகிட்ட என்ன பிரச்சனை?" என்று கேட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். "உங்க வீட்ல புள்ளைக்கு யாரு சொல்றது நடக்கும்?" என்று கேட்டுப் பாருங்கள், பத்து நிமிடம் பேசுவார்கள்.

ஊர்க் காலண்டரும் கேள்வி தரும். ஜூனில் பள்ளி திறக்கும்போது எல்கேஜி வாசல் அழுகை. மாம்பழ சீசனில் கிருஷ்ணகிரிப் பக்கம் மாங்கூழ் ஆலை வேலைக்குப் பெற்றோர் இருவருமே போய்விடுகிற வீடுகள். தை, மாசியில் புளி உடைக்கிற வேலை. மார்ச்சில் பொதுத்தேர்வு. ஆண்டு முழுக்க உள்ளது, அப்பா அம்மா பெங்களூரில் வேலை, பிள்ளை ஆயா தாத்தாவிடம் என்கிற வீடு. தளி, தேன்கனிக்கோட்டை, ஓசூர்ப் பக்கம் இன்னொன்று கட்டாயம் வரும்: வீட்டில் தெலுங்கோ கன்னடமோ, பள்ளியில் தமிழ், டியூஷனில் ஆங்கிலம், "இத்தனை மொழி பேசினா புள்ளைக்குப் பேச்சு வர லேட்டாகுமா?" பல மொழி கேட்பதால் பேச்சுக் கோளாறு வராது. ஆனால் பேச்சு தாமதமாக இருந்தால் மொழியின் மேல் பழி போட்டுச் சும்மா இருக்காமல் காது கேட்கும் திறனைச் சோதிக்க வேண்டும். இந்த இரண்டாவது வாக்கியம் இல்லாமல் முதல் வாக்கியத்தை ஒளிபரப்பாதீர்கள்.

உண்மைத் தாள்

நாடகம் எழுத உட்காருவதற்கு முன் ஒரு பக்கத் தாள் தயாராக வேண்டும். அதில் நான்கே வரி: செய்ய வேண்டியது என்ன, செய்யக் கூடாதது என்ன, ஏன், எப்போது மருத்துவமனைக்கு ஓட வேண்டும். இதைக் குழந்தைகள் நல மருத்துவர் ஒருவரிடம் காட்டிக் கையெழுத்து வாங்குங்கள். தர்மபுரியிலும் கிருஷ்ணகிரியிலும் அரசு மருத்துவக் கல்லூரிகள் இருக்கின்றன. அங்கிருந்து யாராவது திரையில் வருவதென்றால் துறை அனுமதி வேண்டுமா என்று முன்கூட்டியே கேட்டுவிடுங்கள். படப்பிடிப்பு அன்று காலையில் இது தெரிய வந்தால் அந்த வாரமே போய்விடும். கிராம சுகாதார செவிலியரும் அங்கன்வாடிப் பணியாளரும் திரையில் மருத்துவரைவிட நன்றாகப் பேசுவார்கள் என்பதையும் மறக்காதீர்கள். வீடு வீடாகப் போய்ப் பழகிய பேச்சு அது.

நாடகம் எழுதி முடித்த பிறகு இதே தாளை வைத்து மறுபடி ஒத்துப் பார்க்க வேண்டும். சிரிப்புக்காக ஒரு வரியைச் சுருக்கும்போதுதான் தவறு நுழையும். "ஆறு மாசம் வரைக்கும் தாய்ப்பால் மட்டும், தண்ணிகூட வேண்டாம்" என்பது நாடகத்தில் "ஆறு மாசம் தாய்ப்பால்" என்று சுருங்கினால், ஆறு மாதத்தோடு தாய்ப்பாலை நிறுத்தச் சொன்னதாகப் பார்ப்பவர் எடுத்துக்கொள்வார்.

தொகுப்பாளர் யார்? கட்டியங்காரன்தான்

கோட் போட்ட தொகுப்பாளர் இந்த மண்ணுக்கு ஒட்டமாட்டார். பாரதக் கூத்து பார்த்து வளர்ந்த ஊர்கள் இவை. தெருக்கூத்தில் கட்டியங்காரன் என்ன செய்கிறான்? வேடத்தை மேடைக்கு அழைக்கிறான், ராஜாவையே மடக்கிக் கேள்வி கேட்கிறான், கூட்டத்தின் மனசில் இருப்பதைக் கூட்டத்தின் பேச்சிலேயே கேட்கிறான். இந்த நிகழ்ச்சிக்கு வேண்டியது முழுக்க அதுதான். நாடகம் உச்சத்துக்குப் போகும்போது கட்டியங்காரன் உள்ளே நுழைந்து நிறுத்தி, "ஏங்க பெரியவரே, கொஞ்சம் இருங்க, அந்தப் புள்ள பசிக்குதுன்னு எப்பங்க சொல்லுச்சு?" என்று ஒரு கேள்வி போட்டால் போதும். கூத்துக் கலைஞரையே கூப்பிடுங்கள், உரிய சம்பளம் கொடுங்கள். ஒரே ஒரு விஷயத்தை முன்பே தெளிவாகப் பேசிக்கொள்ளுங்கள்: விடியவிடிய நடக்கும் கூத்தில் வரும் இரட்டை அர்த்த வசனம் இங்கே கூடாது.

நாடகம் எழுதுவது

கணக்கு எளிது. ஒரு சிக்கல், அது மூன்று படி ஏற வேண்டும், நான்காவது படியில் திருப்பம். திருப்பத்திலேயே அறிவுரையின் விதை இருக்க வேண்டும். இதோ ஒரு மாதிரி. தலைப்பு, பிறந்த குழந்தைக்குச் சேனை வைப்பது, அதாவது சர்க்கரைத் தண்ணியோ தேனோ விரலால் நாக்கில் தொட்டு வைப்பது. இடம், பிரசவ வார்டுக்கு வெளியே நீள பெஞ்ச்.

தாய்மாமன் (கிண்ணத்தோடு): சேனை நாந்தான் வெப்பேன். புள்ளைக்கு என் கொணம் வரணும்.

பெரியப்பா: உங்கொணமா? போன ஆடிக்கு வாங்குன ஆயிரம் ரூபாய இன்னும் குடுக்கலியே, அந்தக் கொணமா?

ஆயா: அவன் வேணாண்டா. உங்க பெரியப்பனே வெக்கட்டும். பொறுமைசாலி.

தாய்மாமன்: ஆமா ஆயா, பொறுமைதான். மாங்கா பழுத்து உதுந்து ஈ மொய்க்கிற வரைக்கும் தோப்புப் பக்கமே போவாத பொறுமை.

அத்தை: ரெண்டு பேரும் வேணாம், நானே வெக்கறேன்.

எல்லாரும் ஒரே குரலில்: ஐயோ வேணாம்!

அத்தை: ஏன், என் கொணத்துக்கு என்ன கொறச்சல்?

ஆயா: கொறச்சல் ஒண்ணுமில்லம்மா. புள்ள தூங்கணும்ல?

(கதவு திறக்கிறது. செவிலியர்.)

செவிலியர்: யாரு கொணமும் வேணாங்க. புள்ள அம்மாகிட்ட சீம்பால் குடிச்சுட்டுத் தூங்கிடுச்சு. நீங்க சத்தம் போடாம இருந்தா அந்தக் கொணம் ஒண்ணே போதும்.

இதில் குழந்தை திரைக்கே வரவில்லை. தாய் கேலிக்கு ஆளாகவில்லை. ஒவ்வொருவரும் தன் வாயாலோ சொந்தக்காரர் வாயாலோ அகப்பட்டுக்கொள்கிறார்கள். கடைசி வரியில், பிறந்த ஒரு மணி நேரத்துக்குள் தாய்ப்பால் என்கிற செய்தி உபதேசமாக இல்லாமல் நடந்து முடிந்த காரியமாக வருகிறது. உடனே கட்டியங்காரன் நிபுணரிடம் ஒரே கேள்வி கேட்கிறார்: "சேனை வெச்சா என்னங்க ஆகும்?" பதில்: சர்க்கரைத் தண்ணியும் தேனும் கைவிரலோடு கிருமியையும் கொண்டுபோகும், தேனில் இருக்கக்கூடிய ஒரு வகை நுண்ணுயிர் ஒரு வயதுக்கு உட்பட்ட குழந்தைக்கு பாட்டுலிசம் என்கிற ஆபத்தான நரம்புப் பாதிப்பைக் கொண்டுவரும், ஆகவே ஒரு வயது முடியும்வரை தேன் நாக்கில்கூடத் தடவக் கூடாது. வசம்பை உரசி உள்ளுக்குக் கொடுப்பதும் இதே வரிசைதான்.

தடுத்தால் மட்டும் போதாது, மாற்று ஒன்றையும் கொடுக்க வேண்டும். சேனை வைப்பது பாசத்தில் வந்த வழக்கம். "கூடாது" என்று மட்டும் சொன்னால் ஆயாவுக்கு அது அவமானமாகிவிடும், நிகழ்ச்சி முடிந்ததும் கதவைச் சாத்திக்கொண்டு வைப்பார். "கையைச் சோப்புப் போட்டுக் கழுவிட்டு, புள்ளையோட நெத்தியத் தொட்டு ஆசீர்வாதம் பண்ணுங்க, கிண்ணத்துல இருக்கிற இனிப்பப் பெத்தவளுக்கு ஊட்டுங்க" என்று சொன்னால் ஆயாவுக்கு அந்த இடத்தில் ஒரு வேலை கிடைக்கிறது.

எழுதியதை நிறுத்துக் கடிகாரம் வைத்து இரண்டு பேர் உரக்கப் படித்து நேரம் பாருங்கள். கண்ணால் படித்துப் போடுகிற கணக்கு எப்போதும் குறைத்துத்தான் காட்டும். பார்வையாளர் சிரிக்கிற இடைவெளிக்காக ஏழு நிமிட நாடகத்தை ஆறு நிமிடத்துக்கு எழுதுங்கள்.

அறிவுரைப் பகுதி: நாள் கணக்கில் சொல்லுங்கள்

"போனைக் குறையுங்கள்" என்றால் யாரும் குறைக்கப் போவதில்லை. உலக சுகாதார நிறுவனம் 2019-இல் சொன்னபடி இரண்டு வயது ஆகும்வரை திரையே வேண்டாம், 2 முதல் 4 வயதுக்கு நாளைக்கு ஒரு மணி நேரத்துக்கு மேல் கூடாது. இந்திய குழந்தை மருத்துவர் சங்கமும் இரண்டு வயது வரை வேண்டாம் என்றே சொல்கிறது. இதைச் சொல்லிவிட்டு, போன் பார்த்துச் சாப்பிடும் பிள்ளைக்கு ஒரு வாரத் திட்டம் காட்டுங்கள். முதல் நாள் வீட்டிலுள்ள எல்லா போனும் சாப்பாட்டு நேரத்தில் ஒரு முறத்தில் போய் உட்கார வேண்டும், தாத்தாவுடையதும் சேர்த்து. பிள்ளையைப் பெரியவர்களோடு ஒரே வரிசையில் தரையில் உட்கார வையுங்கள். களியோ சோறோ நெல்லிக்காய் அளவு உருண்டையாக அதன் தட்டில் வைத்து, அதன் கையால் எடுக்க விடுங்கள். அரை மணி நேரம் ஆனதும் சாப்பிட்டாலும் சாப்பிடாவிட்டாலும் தட்டை எடுத்துவிடுங்கள், திட்டாமல். அடுத்த வேளை வரை பிஸ்கட் கிடையாது. முதல் மூன்று நான்கு நாள் அழுகை இருக்கும் என்று ஒளிவுமறைவு இல்லாமல் சொல்லுங்கள். இதைச் சொல்லாமல் விடுவதால்தான் இரண்டாம் நாளே போன் திரும்பக் கைக்கு வருகிறது. எடை குறைந்த பிள்ளை, நோய்வாய்ப்பட்ட பிள்ளை என்றால் இதைத் தொடங்கும் முன் மருத்துவரைப் பார்க்கச் சொல்வதும் அதே மூச்சில் வர வேண்டும்.

இதே விஷயத்தின் நாடகம் எங்கே சிரிக்க வைக்கும் தெரியுமா? ஐந்தாம் நாள் அழுகை ஓய்ந்து பிள்ளை சாப்பிட ஆரம்பித்துவிடுகிறது. சோறு இறங்காமல் முறத்தையே பார்த்துக்கொண்டிருப்பது அப்பா.

பிள்ளைகளை நடிக்க வைப்பது

ஐந்து வயதுக்குக் கீழே நிஜக் குழந்தை வேண்டவே வேண்டாம். தூளியும் திரைக்குப் பின்னாலிருந்து ஒரு குரலும் போதும். பெரிய பிள்ளை வேடத்தை டவுசர் போட்ட பெரியவரே செய்யலாம். ஆண்கள் பெண் வேடம் கட்டும் கூத்தைப் பார்த்துப் பழகிய ஊருக்கு அது உறுத்தாது. வேடத்தில் பெரியவர் என்பதால் அடி, திட்டு, அழுகை எதைக் காட்டினாலும் நிஜப் பிள்ளைக்கு ஒன்றும் ஆகாது.

14 வயதுக்கு உட்பட்ட பிள்ளை வேண்டும் என்றால் 2017-இல் திருத்தப்பட்ட குழந்தைத் தொழிலாளர் விதிகளைக் கடைப்பிடிக்க வேண்டும். படப்பிடிப்பு நடக்கும் மாவட்டத்தின் ஆட்சியரிடம் முன் அனுமதி, உறுதிமொழிப் படிவம். நாளைக்கு ஐந்து மணி நேரத்துக்கு மேல் கூடாது, ஓய்வில்லாமல் தொடர்ந்து மூன்று மணி நேரத்துக்கு மேல் கூடாது. ஐந்து பிள்ளைக்கு ஒரு பொறுப்பாளர். சம்பளத்தில் குறைந்தது 20 சதவீதம் தேசியமயமாக்கப்பட்ட வங்கியில் பிள்ளையின் பெயரில் நிரந்தர வைப்பு. பிள்ளையின் விருப்பத்துக்கு மாறாக நடிக்க வைக்கவே முடியாது. காலை 9 முதல் 12 வரை பிள்ளை வரும் காட்சிகளை முடித்துவிட்டு அனுப்பிவிடுங்கள். மதியத்துக்கு மேல் எடுப்பது பிள்ளைக்கும் கஷ்டம், படத்திலும் அது தெரியும்.

படப்பிடிப்பு

கல்யாண மண்டபம் சும்மா கிடைத்தாலும் வேண்டாம், குரல் எதிரொலித்து வசனமே புரியாது. ஒரு தடவை கையைத் தட்டிப் பாருங்கள். சத்தம் இழுத்துக்கொண்டே போனால் தரையில் ஜமுக்காளம், சுவரில் கனமான போர்வை. தகரக் கூரை, நான்குவழிச் சாலை ஓரம் இரண்டையும் தவிர்த்துவிடுங்கள். காட்சி ஓடும்போது மட்டும் மின்விசிறியை நிறுத்தி, நடுநடுவே போட்டுவிடுங்கள்.

ஒவ்வொருவருக்கும் காலர் மைக். பார்வையாளர்கள் 25, 30 பேரைத் தரையில் அமர வைத்து, அவர்கள் முன்னால் தனி மைக் வைத்து, சிரிப்பைத் தனி டிராக்கில் பதிவு செய்யுங்கள். கடையில் கிடைக்கும் பதிவுச் சிரிப்பு வேண்டாம். நம் ஊர்ச் சிரிப்பின் நடுவே "அடி ஆத்தீ" என்று ஒரு குரல் வரும், அது விலைக்குக் கிடைக்காது.

மூன்று கேமரா இருந்தால் நல்லது, நல்ல செல்போன்களே போதும். வினாடிக்கு 25 பிரேம், ஷட்டர் வேகம் வினாடியில் ஐம்பதில் ஒரு பங்கு என்று மூன்றிலும் பூட்டிவிடுங்கள். நம் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். 30 பிரேமில் எடுத்தால் டியூப்லைட் வெளிச்சம் படத்தில் துடிக்கும். ஒரு கேமரா முழு மேடைக்கு. இரண்டாவது பேசுபவருக்கு. மூன்றாவது கேட்பவரின் முகத்துக்கு, இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். ஆயா சொல்வது பாதிச் சிரிப்பு என்றால், அதைக் கேட்டு மருமகள் அடக்கிக்கொள்கிற முகம் மீதிச் சிரிப்பு. பிள்ளையின் பார்வையில் வரும் காட்சிகளுக்குக் கேமராவைத் தரையிலிருந்து இரண்டே முக்கால் அடியில் வையுங்கள். அந்த உயரத்திலிருந்து பார்த்தால் குனிந்து கத்துகிற பெரியவரின் முகம் எவ்வளவு பயங்கரம் என்பதை ஒரு வார்த்தை இல்லாமல் காட்டிவிடலாம்.

எடிட்டிங்

சிரிப்பு வரிக்குப் பிறகு ஒன்றரை வினாடி விட்டு வெட்டுங்கள். வீட்டிலிருப்பவரும் சிரித்து முடிக்கட்டும். அறிவுரை ஓடும்போது பின்னணி இசையும் வேண்டாம், "டொய்ங்" சத்தமும் வேண்டாம். அறிவுரை எழுத்துத் திரையில் குறைந்தது 8 வினாடி நிற்க வேண்டும், ஒரு குரல் அதை வாசிக்கவும் வேண்டும். எழுத்துப் படிக்காத ஆயாவுக்குத்தான் அந்த வரி அதிகம் தேவை. பிரீமியர் என்கிற எடிட்டிங் மென்பொருளில் தமிழ் எழுத்தின் கொம்பும் காலும் இடம் மாறி விழுந்தால், பிரிஃபரன்சஸில் கிராபிக்ஸ் பகுதிக்குப் போய் டெக்ஸ்ட் எஞ்சினை சவுத் ஏசியன் என்று மாற்றி, மென்பொருளை மூடித் திறங்கள்.

நேயர் கேள்விகள்

வாட்ஸ்அப் குரல் பதிவாக வாங்குங்கள், ஆனால் அந்தக் குரலை ஒளிபரப்பாதீர்கள். வேறொருவர் படிக்கட்டும். பெயரை மாற்றினால் மட்டும் போதாது. "பென்னாகரம் பக்கம் ஒரு கிராமத்து டீச்சர், ரெட்டைப் புள்ளைங்க" என்றால் அந்த ஊரில் யாருக்குத் தெரியாது? ஊர், தொழில், பிள்ளைகளின் எண்ணிக்கை மூன்றில் இரண்டையாவது மாற்றுங்கள்.

சில கேள்விகள் நகைச்சுவை நிகழ்ச்சிக்குள் வரவே கூடாது. பாலியல் தொல்லை, படிக்கிற பெண்ணுக்குக் கல்யாண ஏற்பாடு, தற்கொலைப் பேச்சு, பிள்ளை உடம்பில் காயம். இவற்றை வாசிக்காமல் அன்றே 1098 குழந்தைகள் உதவி எண்ணுக்குச் சொல்லுங்கள். அடையாளம் வெளியே தெரியும்படி ஒளிபரப்பினால் போக்சோ சட்டத்திலும் இளைஞர் நீதிச் சட்டத்திலும் அது குற்றம். பெண் குழந்தை பிறந்ததும் முகம் சுளிக்கும் சொந்தக்காரர்களை வைத்து நாடகம் போடலாம், போடத்தான் வேண்டும். வேண்டாம் என்று விடப்படும் பெண் குழந்தைகளை அரசே ஏற்றுக்கொள்ளும் தொட்டில் குழந்தைத் திட்டம் தேவைப்பட்ட மாவட்டம் தர்மபுரி. ஆனால் அந்த நாடகத்தில் சிரிப்பு சுளித்த முகத்தின் மேல் மட்டுமே விழுகிறதா என்று ஐந்து பெண்களுக்குப் போட்டுக் காட்டிக் கேட்ட பிறகே ஒளிபரப்புங்கள்.

விளம்பரதாரர்

முதலில் வரக்கூடியது பால் பவுடரும் பாட்டிலும்தான். 1992-ஆம் ஆண்டுச் சட்டம், 2003 திருத்தத்தோடு சேர்த்து, இரண்டு வயது வரையிலான குழந்தைக்கான புட்டிப்பால் மாவு, பால் பாட்டில், குழந்தை உணவு ஆகியவற்றின் விளம்பரத்தைத் தடை செய்கிறது. பின்னணியில் டப்பாவை வைத்துக்கொள்கிறோம் என்றாலும் ஒத்துக்கொள்ளாதீர்கள். உயரம் வளர்க்கும் மருந்து விளம்பரம் 1954-ஆம் ஆண்டு மாயமருந்துச் சட்டத்தில் அடிபடும். ஜவுளிக்கடை, பாத்திரக்கடை, புத்தகக்கடை, மளிகை போதும்.

ஒளிபரப்பான மறுநாள்

பத்து வீட்டுக்குப் போன் போட்டு, "நேத்து என்ன பார்த்தீங்க?" என்று மட்டும் கேளுங்கள். ஆயிரம் ரூபாய் கடன் ஜோக் பத்துப் பேருக்கும் ஞாபகம் இருந்து, தேன் கூடாது என்பது மூன்று பேருக்குத்தான் ஞாபகம் என்றால், நகைச்சுவைக்கும் அறிவுரைக்கும் நடுவே இடைவெளி அதிகமாகிவிட்டது. பெரும்பாலும் நடுவில் விளம்பரம் விழுந்திருக்கும். நாடகத்தின் கடைசி வரிக்கும் நிபுணரின் முதல் வரிக்கும் இடையே விளம்பரம் போடக் கூடாது என்று கண்ட்ரோல் ரூமில் எழுதிக் கொடுங்கள்.

தவறான தகவல் போய்விட்டது என்று தெரிந்தால் மறு ஒளிபரப்பை அன்றே நிறுத்தச் சொல்லுங்கள். அடுத்த வாரம் கட்டியங்காரன் முதல் நிமிடத்திலேயே வந்து, போன வாரம் சொன்னது இது, சரியானது இது என்று வேடிக்கை எதுவும் சேர்க்காமல் இரண்டு முறை சொல்ல வேண்டும். அந்தத் திருத்தத்தை அதே வாரத்து மறு ஒளிபரப்பிலும் வெட்டாமல் விடச் சொல்லுங்கள்.